கணவாய் கடந்து வந்தவர்கள்: கம்பளையும் கண்டியும்

மலைகள் சூழ்ந்த சிறு நகரங்கள் தம்மை ஒரே பார்வையில் காட்டிவிடும். பஹிரவகந்தையில் ஏறி நின்றால் கண்டி முழுவதும் உள்ளங்கையில் வைத்தது போலத் தெரிகிறது. நடுவே வாவி, அதன் கரையில் தலதா மாளிகை, அதற்குப் பின்னால் உடவத்தைக் காடு. ஒரு புறம் ஹந்தானை, மறுபுறம் தூரத்தில் தும்பறை மலைத்தொடர். மகாவலி கங்கை நகரை வளைத்துக்கொண்டு ஓடுகிறது. யுனெஸ்கோ 1988இல் இந்நகரை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அரை நாளில் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, மீதி அரை நாளைப் பேராதனைப் பூங்காவில் கழித்துவிட்டுத் திரும்பிவிடலாம். எமது பாடசாலைச் சுற்றுலாக்கள் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கின்றன.

அத்தகைய சுற்றுலாக்களில் மாணவர்களுக்கு விளக்கம் சொல்லும் பொறுப்பு எனக்குப் பலமுறை வாய்த்திருக்கிறது. வாவியை ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டுவித்ததையும், எண்கோண மண்டபத்தைத் தேவேந்திர மூலாச்சாரி அமைத்ததையும், நாத, விஷ்ணு, பத்தினி, கதிர்காமத் தேவாலயங்கள் மாளிகையைச் சுற்றி அமைந்திருப்பதையும் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வருவேன். ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள்:

"சேர், இஞ்ச எங்கட ஆக்கள்ட ஒண்டும் இல்லையா?"

சிறு பிள்ளையின் கேள்வி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இதே கேள்வி வேறு வாய்களிலிருந்து வேறு தொனியில் எம்மை நோக்கி வருகிறது: நீங்கள் எப்போது வந்தீர்கள்? உங்களுக்கு இங்கே என்ன இருக்கிறது? எமது பிள்ளை ஆவலோடு கேட்பதையும் மற்றவர் சினத்தோடு கேட்பதையும் ஒரே விடையால்தான் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த விடையைக் கட்டடங்களில் தேடினால் அதிகம் கிடைக்காது. மலைநாட்டு அரசர்களின் காலத்தில் முஸ்லிம்கள் அங்கே கோபுரம் எழுப்பவில்லை. அவர்களுடைய பங்கு பாதையிலும், நில உரிமையிலும், வீட்டுப் பெயர்களிலும், ஓலைகளிலும் பதிந்து கிடக்கிறது. அவற்றைப் பார்ப்பதற்கு வேறொரு கண் வேண்டும்.

முதலில் மலைகளையே பார்ப்போம். மலைகள் கண்டிக்கு அரண் என்று பாடநூல்கள் சொல்கின்றன. அது மெய். பலனைக் கணவாயில் போர்த்துக்கேயர் பட்ட பாடு வரலாற்றில் உண்டு. ஆனால் அரணுக்குள் இருப்பவனுக்கும் உப்பு வேண்டும். மலையில் உப்பு விளையாது, கருவாடும் கிடையாது. கடற்கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் மேலே ஏற வேண்டும். பாக்கும் மிளகும் கீழே இறங்க வேண்டும். வண்டி ஓடும் பாதை இல்லாத அக்காலத்தில் பொதி மாடுகளின் முதுகில்தான் இந்த வணிகம் நடந்தது. தவளம் என்று அதற்குப் பெயர். கண்டி அரசில் போக்குவரத்துக்கெனத் தனியாக இருந்த 'மடிகே' என்னும் பிரிவில் முஸ்லிம்கள் முக்கிய இடம் வகித்தார்கள். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஒல்லாந்தர் கரையோரம் முழுவதையும் தம் வசப்படுத்திக்கொண்ட பின்னர் கண்டி கடலே இல்லாத நாடாயிற்று. அப்போது தவளம் ஓட்டுபவனின் தேவை இன்னும் கூடியது.

கணவாய்களில் காவல் எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்பதை 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ் எழுதியிருக்கிறார். முள்ளால் ஆன படல்கள் பாதைகளை அடைத்திருந்தன. கடந்து செல்பவனிடம் களிமண்ணில் பதித்த முத்திரை இருக்க வேண்டும். போர்வீரனுக்கு ஈட்டி தாங்கிய மனிதனின் உருவம். கூலியாளுக்குக் காவடித் தண்டின் இரு முனையிலும் பொதி தொங்கும் மனிதனின் உருவம். வெள்ளையனுக்கு இடையில் வாளும் தலையில் தொப்பியும் உள்ள உருவம். யார் எதற்காக வருகிறான் என்பதை அரசு அறிந்தே உள்ளே விட்டது. இத்தகைய நாட்டினுள் தலைமுறை தலைமுறையாக ஒரு சமூகம் வாழ்ந்தது என்றால், அது களவாக நுழைந்து தங்கிவிட்ட கூட்டமாக இருக்க முடியாது. கண்டியின் வாவிக் கரையில் நின்று மாணவர்களுக்குச் சொல்ல வேண்டிய முதற் செய்தி இது என்று நான் கருதுகிறேன்.

கண்டிக்கு முன்னர் கம்பளை. இன்று கம்பளையில் இறங்கும் பயணி அதைப் பழைய தலைநகர் என்று நம்பமாட்டார். நெரிசலான கடைத்தெரு, மகாவலியின் பாலம், தேயிலை மலைகளுக்குப் போகும் பஸ்கள். நான்காம் புவனேகபாகு 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிருந்து ஆட்சி செய்தான். அரண்மனையின் சுவடு கண்ணுக்குத் தெரிவதாக இல்லை. நியம்கம்பாய விகாரையில் பழைய கல் வேலைப்பாட்டின் எச்சங்கள் சில உண்டு. அக்காலத்தின் சிறப்பைக் காண வேண்டுமானால் கண்டிக்கும் கம்பளைக்கும் இடைப்பட்ட கிராமங்களுக்குப் போக வேண்டும். கடலாதெனிய, லங்காதிலக, எம்பக்கே ஆகிய மூன்றையும் ஒரே பகலில் பார்த்துவிடலாம்.

கடலாதெனிய விகாரையைக் கட்டிய சிற்பியின் பெயர் கணேஸ்வராச்சாரி. லங்காதிலகவை அமைத்தவர் ஸ்தபதி ராயர். இருவரும் தென்னிந்தியச் சிற்ப மரபினர். லங்காதிலகவின் பாறையில் சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் பொறிக்கப்பட்டிருக்கிறது. பௌத்த விகாரை ஒன்றுக்கு விடப்பட்ட நிலங்களின் விபரத்தைத் தமிழிலும் எழுதிவைக்க வேண்டிய தேவை அன்றைய மலைநாட்டில் இருந்தது. எம்பக்கே தேவாலயத்தின் மரத்தூண்களைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். லங்காதிலகப் பாறையின் தமிழ் எழுத்துகளைத் தேடி வருபவர்கள் குறைவு.

கடலாதெனியவும் லங்காதிலகவும் 1344ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. அதே 1344இல்தான் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா இலங்கையில் இறங்கினார். புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, பாவா ஆதம் மலையைத் தரிசிக்க உதவி பெற்று, சிலாபம் வழியாக உள்நாட்டுக்கு ஏறினார். வழியில் 'குனக்கார்' என்னும் தலைநகரைக் கண்டதாக அவருடைய பயண நூல் கூறுகிறது. இரண்டு மலைகளுக்கு நடுவே பள்ளத்தாக்கில் அமைந்த நகரம் அது. நகருக்கு வெளியே ஷீராஸ் நகரத்து ஷெய்கு உஸ்மானின் பள்ளிவாசல் இருந்தது. அரசனும் மக்களும் அதற்கு மரியாதை செய்தார்கள். திருப்பாத மலைக்குச் செல்லும் யாத்திரிகர்களுக்கு அந்த ஷெய்குதான் முன்னர் வழிகாட்டியாக இருந்தார்.

குனக்கார் எது? கம்பளையின் பழைய பெயரான கங்காசிறிபுரத்தின் திரிபு என்பார் சிலர். குருநாகல் என்பார் வேறு சிலர். இரு பக்கத்திலும் வாதம் உண்டு, தீர்ப்பு இல்லை. எமது மேடைகளில் இதை ஐயமின்றிக் கம்பளை என்று சொல்லிவிடும் வழக்கம் இருக்கிறது. அதை நான் விரும்புவதில்லை. குருநாகலாக இருந்தாலும் எமக்கு இழப்பேதும் இல்லை. 14ஆம் நூற்றாண்டில் உள்நாட்டுத் தலைநகர் ஒன்றின் வாயிலில் பள்ளிவாசல் இருந்தது என்னும் செய்தி எந்த ஊரானாலும் நிற்கும். நிச்சயமில்லாததை நிச்சயமாகச் சொல்லப்போனால் நிச்சயமானதும் சந்தேகத்துக்குள்ளாகும்.

அந்த ஷெய்கின் கதையில் நாம் அடிக்கடி விட்டுவிடும் பகுதியும் ஒன்று உண்டு. அவர் ஒரு பசுவை அறுத்தார். அந்நாட்டில் அதற்குரிய தண்டனை மரணம். ஷெய்கின் மீது வைத்திருந்த மதிப்பினால் உயிரை விட்டுவிட்டு ஒரு கையையும் ஒரு காலையும் வெட்டினார்கள். பின்னர் ஒரு சந்தையின் வரி வருமானத்தை அவருடைய ஜீவனத்துக்கு எழுதிக்கொடுத்தார்கள். வழிகாட்டும் பணியை அவருடைய மக்களும் பணியாட்களும் தொடர்ந்தார்கள். இக்கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அச்சமும் வியப்பும் ஒருங்கே தோன்றும். மலைநாட்டு மன்னர்களின் ஆதரவு எல்லையற்றதாக இருக்கவில்லை. அதற்கு நிபந்தனைகள் இருந்தன; மீறினால் தண்டனை கொடியது. தண்டித்த பின்னும் அந்த மனிதனை ஊரைவிட்டுத் துரத்தவில்லை, பள்ளிவாசலை இடிக்கவில்லை, பிழைப்பதற்கு வழியும் செய்தார்கள் என்பதும் அதே கதையில்தான் இருக்கிறது. இணக்கம் என்று நாம் இன்று இலகுவாகச் சொல்வது அன்று இவ்வளவு சிக்கலான ஒன்றாக இருந்தது.

கண்டிக்கு வருவோம். போர்த்துக்கேயர் 1626இல் தமது ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். செனரத் மன்னன் அவர்களை ஏற்று, மட்டக்களப்புப் பகுதியில் மட்டும் நாலாயிரம் பேரைக் குடியேற்றினான் என்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவேரோஸ் எழுதுகிறார். முஸ்லிம்கள் மீது அன்பு கொண்டவர் அல்லர் அவர். எதிரியின் நூலில் உள்ள சாட்சியம் என்பதால் இதற்கு மதிப்பு அதிகம். மலைநகரத்து அரசனின் அந்த முடிவு இன்றைய கிழக்கு மாகாண முஸ்லிம்களின் வரலாற்றில் ஒரு முக்கியக் கட்டம். காத்தான்குடியிலிருந்தோ ஏறாவூரிலிருந்தோ கண்டி பார்க்க வரும் பிள்ளைக்கு இதைச் சொன்னால் அந்த நகரம் அந்நியமாகத் தெரியாது.

நொக்ஸும் ஓர் அரிய செய்தியைத் தருகிறார். கண்டியில் முஸ்லிம்களுக்கு ஒரு பள்ளிவாசல் இருந்தது. முன்னிருந்த அரசன் ஒருவன், காணி உடைய ஒவ்வொரு குடியானவனும் அதற்கு ஒரு பணம் கொடுக்க வேண்டும் என்று கட்டளையிட்டிருந்தான். முஸ்லிம் பக்கீர்கள் வீடுவீடாகச் சென்று அதை அறவிட்டார்கள். வீடு பூட்டியிருந்தால் திறந்து அப்பெறுமதிக்குப் பொருளை எடுத்துச் செல்லவும் அவர்களுக்கு உரிமை இருந்தது. மக்கள் அவர்களுக்குத் தாராளமாகவே கொடுத்தார்கள். நல்ல மனங்கொண்டவர்கள் தருமமாக அளித்த காணிகளில் அவர்கள் வீடு கட்டி வாழ்ந்தார்கள். அக்காணிகள் பரம்பரை பரம்பரையாக அவர்களுக்கே உரியனவாயின. பௌத்தக் குடியானவனின் பணத்தில் பள்ளிவாசல் பராமரிக்கப்பட்ட ஒரு நகரம் அது. இதை எழுதியவர் முஸ்லிமும் அல்லர், சிங்களவரும் அல்லர். எவருக்கும் முகத்துதி செய்ய வேண்டிய தேவை அவருக்கில்லை. அவருடைய நூல் 1681இலேயே அச்சாகிவிட்டது.

வாய்மொழிக் கதைகளும் உண்டு. இரண்டாம் ராஜசிங்கனைப் போர்த்துக்கேயர் துரத்தியபோது மகியங்கனைப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் பெண் அவனை மரப்பொந்தில் ஒளித்துவைத்துக் காட்டிக்கொடுக்க மறுத்து உயிர் நீத்தாள் என்ற கதை சிங்களவரிடமும் எம்மவரிடமும் வழங்குகிறது. கதையைக் கதையாகவே வைத்துக்கொள்ளலாம். இரு சமூகத்தாரும் ஒரே கதையை விரும்பிச் சொல்லிவந்தார்கள் என்பதே அதில் உள்ள வரலாறு. இதைவிட உறுதியாகக் கால் ஊன்ற ஓர் இடம், கோபால முதலியின் குடும்பம். பரம்பரை வைத்தியர்களான இம்முஸ்லிம் குடும்பத்தார் கண்டி அரசவையில் பணிபுரிந்தார்கள். 1760இல் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனைக் கொல்ல நடந்த சதியை அரசனுக்கு அறிவித்து, காணி மானியம் பெற்றவர் கோபால முதலி. அரசன் அளிக்கும் மானிய ஓலைக்கும் செப்பேட்டுக்கும் சன்னஸ் என்று பெயர். மலைநாட்டு முஸ்லிம் கிராமங்கள் பலவற்றில் 'கெதர' என்றும் 'லாகே' என்றும் முடியும் சிங்கள வீட்டுப் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. வைத்தியம், தவளம், அரச பதவி என அந்தக் குடும்பத்தின் பழைய தொழில் பெரும்பாலும் அப்பெயரிலேயே இருக்கும்.

தலதா மாளிகைக்கு அருகில் மரத்தூண்களோடு நிற்கும் மகுல் மடுவ என்னும் அரசவை மண்டபத்தையும் எல்லோரும் பார்க்கிறார்கள். 1815 மார்ச் 2இல் கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது அங்கேதான். அதன் ஐந்தாம் பிரிவு, பௌத்த சமயத்தின் சடங்குகளும் துறவிகளும் வணக்கத்தலங்களும் பேணப்படும் என்று உறுதியளித்தது. நூறு ஆண்டுகளின் பின்னர் அதே பிரிவு கம்பளையில் ஒரு வழக்காக வந்து நின்றது.

கம்பளை வல்லஹகொட தேவாலயத்தின் பெரஹெரா அம்பகமுவ வீதியில் உள்ள பள்ளிவாசலைக் கடக்கும்போது வாத்தியம் முழக்கலாமா என்பதே பிணக்கு. 1912இல் அரசாங்கம் தடை விதித்தது. தேவாலயத்தின் பஸ்நாயக்க நிலமே வழக்குத் தொடர்ந்தார். கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் 1914இல் தேவாலயத்தின் பக்கம் தீர்ப்பளித்தார். அவர் ஒரு வரலாற்றாசிரியரும்கூட. 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. அவ்வாண்டு மே 28 இரவு, வெசாக் பக்திப்பாடல் ஊர்வலம் கண்டி காசில் ஹில் வீதிப் பள்ளிவாசலைக் கடக்கையில் கலவரம் வெடித்தது. சில நாட்களில் அது தென்பகுதி எங்கும் பரவியது. ஜூன் 2இல் இராணுவச் சட்டம் வந்தது. அரசாங்கக் கணக்கில் 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள்; நாலாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. அடக்குமுறையின் பெயரால் பிரித்தானியர் சிங்களவர் மீது நடத்திய கொடுமைகளும் சிறியவை அல்ல.

அரசர் காலத்தில் பிணக்குகளே இருக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. ஷெய்கு உஸ்மானின் வெட்டுண்ட கை அதற்குச் சாட்சி. ஆனால் அன்று பிணக்கைத் தீர்த்தவனுக்கு இரு சாராரும் வேண்டியிருந்தார்கள். வைத்தியனும் வேண்டும், உப்பு கொண்டுவருபவனும் வேண்டும், விகாரைக் காணியை உழுபவனும் வேண்டும். 1820களில் கடுகண்ணாவைக் கணவாயூடாகப் பெருந்தெரு வந்தது. 1867இல் புகையிரதம் வந்தது. தவளத்தின் காலம் முடிந்தது. எவரும் எவரையும் நம்பியிராமலே உப்பு வாங்கலாம் என்றாயிற்று. பிணக்கு ஒப்பந்தப் பிரிவுகளாகவும் தீர்ப்புகளாகவும் மாறியது. தீர்ப்பில் ஒரு பக்கம் வெல்லும், மறுபக்கம் தோற்கும். லோர்னா தேவராஜா இலங்கை முஸ்லிம்களைப் பற்றி 1994இல் வெளியிட்ட ஆய்வு நூலின் தலைப்பு, ஆயிரம் ஆண்டு இன ஒற்றுமையைப் பேசி, 900 முதல் 1915 வரை என்று காலவரையறை இடுகிறது. அந்த இரண்டாவது ஆண்டைக் காணும்போதெல்லாம் காசில் ஹில் வீதிதான் என் நினைவில் எழும்.

கண்டியின் முஸ்லிம் வரலாறு அத்தோடு முடிந்துவிட்டதாகவும் எண்ண வேண்டாம். சித்திலெப்பை 1838இல் பிறந்தது இந்நகரில். சட்டத்தரணியான அவர் 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் 'அஸன்பேயுடைய கதை'யை வெளியிட்டார். ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கத்தைப் பேச வரும் எவரும் இந்த மலைநகரத்து மனிதரைத் தொட்டே ஆக வேண்டும். எகிப்திலிருந்து பிரித்தானியர் நாடுகடத்திய ஒறாபி பாஷா 1892 முதல் 1901 வரை கண்டியில் வாழ்ந்தார். ஹல்லொலுவ வீதியில் அவர் வாழ்ந்த இல்லம் இன்று நினைவு நூதனசாலையாக இருக்கிறது. தெல்தெனியப் பக்கத்துப் போப்பிட்டியில் 1866இல் பிறந்த அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவர் கண்டியின் மீதே கலம்பகமும் பதிகமும் பாடினார். கம்பளையில் எழுந்த சிற்பம் போலவே கண்டியில் பிறந்த செய்யுளும் இந்த மலைகளின் செல்வம்தான்.

அந்தத் தெல்தெனியவின் பெயர் 2018 மார்ச்சில் நாடெங்கும் ஒலித்தது. முஸ்லிம் இளைஞர் சிலர் தாக்கியதால் காயமுற்ற சிங்கள லொறிச் சாரதி ஒருவர் மரணமானார். தனியாட்கள் செய்த குற்றத்துக்கு ஒரு சமூகமே பதில் சொல்ல வேண்டியதாயிற்று. திகன, தெல்தெனிய, அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பகுதிகளில் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. திகனவில் எரிந்த வீட்டினுள் ஒரு முஸ்லிம் இளைஞர் உயிரிழந்தார். மார்ச் 6இல் அவசரகாலநிலை பிரகடனமாயிற்று. கண்டியைப் பாடிய தமிழ்ப் புலவர் பிறந்த மண் அது என்பது எரித்தவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வரலாற்று அறிவு கல்லெறியைத் தடுத்துவிடும் என்று நம்பும் அளவுக்கு நான் வெகுளி அல்லன். ஆனால் தன் ஊரில் தனக்கு என்ன இருக்கிறது என்பதை அறியாத சமூகம் இரண்டு விதமாகத் தடுமாறும். ஒன்று, தலைகுனிந்து நிற்கும். அல்லது, இல்லாத பெருமைகளைக் கட்டிச் சொல்லி, அவை பொய்த்துப்போகும் நாளில் இன்னும் கீழே குனியும். நொக்ஸும் குவேரோஸும் இப்னு பதூதாவும் எழுதிவைத்ததே எமக்குப் போதும். மிகைப்படுத்த வேண்டியதில்லை, மறைக்கவும் வேண்டியதில்லை.

ஆகவே கண்டிக்கும் கம்பளைக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் இன்னும் ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்க வேண்டுகிறேன். எம்பக்கேயின் தூண்களைப் பார்த்தபின் லங்காதிலகப் பாறையின் தமிழையும் காட்டுங்கள். தலதா மாளிகையை மரியாதையோடு பார்த்தபின் ஒறாபி பாஷாவின் இல்லத்துக்கும் போங்கள். கடுகண்ணாவையில் பஸ்ஸை நிறுத்தி, பெருந்தெரு வருமுன் மலைநாட்டின் கணவாய்களில் பொதி மாடுகள் எப்படி ஏறியிருக்கும் என்று எண்ணிப்பார்க்கச் சொல்லுங்கள். மலைநாட்டு வாசகர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் பழைய சன்னஸ் ஏதும் இருந்தால், காணி உறுதியில் பழைய வீட்டுப் பெயர் இருந்தால், அதைப் பிரதி எடுத்துத் தேசிய சுவடிகள் கூடத்திலோ பல்கலைக்கழக நூலகத்திலோ ஒப்படையுங்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சொல்லக்கூடிய மூத்தவர்கள் வருடாவருடம் குறைந்துகொண்டு வருகிறார்கள்.